விற்பனைக்கு ஒரு ஜாகுவார்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டார். விடுதிக் கதைகளை எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம் பேட்சிலேயே உண்டு. மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் நான் ஒரு காரின் கதையைச் சொல்கிறேன்.

மகன் வீட்டுக்காக இங்கிலாந்தின் கவன்ட்ரி நகருக்குப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் சாம்பல் நிற ஜாகுவார் மார்க் 2 ஒன்று நின்றது. 1962-ம் வருட வண்டி, 3.8 லிட்டர். கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை. வாக்கிங் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

வில்லியம் லயன்ஸும் வில்லியம் வாம்ஸ்லியும் 1922-ல் பிளாக்பூலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி கட்ட ஆரம்பித்தார்கள். 1928-ல் தொழில் கவன்ட்ரிக்கு வந்தது. 1935-ல் 'எஸ்.எஸ். ஜாகுவார்' என்ற கார் வந்தது. 'எஸ்.எஸ்.' என்றாலே ஹிட்லரின் படை ஞாபகம் வரும் என்பதால், 1945-ல் கம்பெனியே ஜாகுவார் ஆகிவிட்டது.

யுத்த காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் ஆலையில் தீக்காவல் இருப்பார்கள். வில்லியம் ஹெய்ன்ஸ் முதலிய பொறியாளர்கள் அந்த ராத்திரிகளில் பேசிப் பேசித் திட்டமிட்டதுதான் எக்ஸ்.கே. என்ஜின். ஆறு சிலிண்டர், தலைக்கு மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். 1948-ல் வெளிவந்த அது, பல அளவுகளில் 1992 வரை உற்பத்தியில் இருந்தது.

1959 அக்டோபரில் அந்த என்ஜினோடு மார்க் 2 வந்தது. 3.8 லிட்டர் வண்டிக்கு 220 குதிரைத்திறன், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். உள்ளேயோ வால்நட் மரப் பலகை, தோல் இருக்கை, குடும்பமே உட்காரலாம். வங்கிக் கொள்ளையர்களுக்கு இது பிடித்துப்போக, துரத்த போலீசும் இதையே வாங்கியதாம்! 1967 வரை எண்பதாயிரத்துக்கும் மேல் விற்றன.

ஆனால் ஒரு பலவீனம் உண்டு. இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் பாரம் சுமக்கிறது. பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புச்சேறு கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடுகளில் புகுந்து உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தூள் தூளாக இருக்கும்.

நம் ஒர்க்‌ஷாப் வாத்தியார் சொல்வாரே, "மேலே பாக்காதேடா, குனிஞ்சு அடியில பாரு" என்று? வயசையும் மறந்து குனிந்தேன். அதைப் பார்த்துத்தான் வண்டிக்காரப் பெரியவர் சந்தோஷமாக வெளியே வந்தார். ஒரு தடித்த ஆல்பத்தைக் கையில் கொடுத்தார். அரித்த தகட்டை வெட்டியது, புதுத் தகட்டை வெல்டிங் வைத்தது, என்ஜினைக் கழற்றிப் பரப்பியது என்று ஆறு வருட உழைப்பும் படம் படமாக இருந்தது.

"இவ்வளவு மாற்றிய பிறகு இது பழைய கார்தானா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆலைப் பதிவேட்டிலிருந்து வாங்கிய சான்றிதழை எடுத்து, அதிலிருந்த சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையேதான் என்று காட்டினார். "எதை மாற்றினேன் என்பதை மறைக்கவில்லை. அதுதான் நான் விற்கும் சரக்கு" என்றார். முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல்தான் விற்கிறாராம்.

என் பென்ஷனுக்கு அந்த விலை எட்டாது. புரிந்துகொண்டவர் போல, சும்மா ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டினார். இருவரும் பேசாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மார்க் 2 பிறந்த பிரவுன்ஸ் லேன் ஆலையில் கார் உற்பத்தி 2005-ல் நின்றது. 2008-ல் ஜாகுவாரை நம் டாட்டா வாங்கியது. 2024-ல் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் அவர்களின் கார் ஆலைக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நாம் கைபடிந்து கற்ற பழைய டீசல் என்ஜின் நம் ஒர்க்‌ஷாப் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. பழைய இரும்பு என்று எடைக்குப் போடுமுன், நாமும் இளைய மாணவர்களும் சேர்ந்து அதை ஓட வைப்போமா? அதன் கதையையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். முதல் ஸ்பேனர் பிடிக்க நான் தயார்.

— ஒரு பழைய மாணவன், இயந்திரவியல் (1978–83)