மோரும் கிழங்கும்

அயர்லாந்துக் கிராமத்தவரின் உணவு என்றதும் நினைவுக்கு வருவது உருளைக்கிழங்குதான். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அக்கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன்னர் அம்மக்கள் ஓட்ஸ் கஞ்சியும் ரொட்டியும், பாலும் தயிரும் வெண்ணெயும் உண்டு வாழ்ந்தவர்கள். சதுப்பு நிலங்களில் அவர்கள் புதைத்து வைத்த வெண்ணெய் இன்றும் அவ்வப்போது கிடைக்கின்றது.

பின்னர் அந்த வெண்ணெய் எங்கே போயிற்று? குத்தகைக்குப் போயிற்று. வெண்ணெய், தானியம், வளர்த்த பன்றி ஆகியவற்றை விற்று நிலப்பிரபுவுக்குக் கட்டினார்கள். வீட்டில் எஞ்சியவை மோரும் கிழங்குமே. பஞ்சத்துக்கு முன்னர் ஓர் ஆண் தொழிலாளி நாளொன்றுக்கு 10 இறாத்தலுக்கு மேல் கிழங்கு உண்பது வழக்கம். மோரோடு சேர்ந்தால் அது சத்தான உணவே. ஆயினும் பழைய கிழங்கு தீர்ந்து புதியது விளையும் வரை கோடையில் அரைப்பட்டினிதான். தொங்கவிட்ட உப்பு மீனைக் கிழங்கால் சுட்டிக்காட்டிவிட்டு வெறுங்கிழங்கை உண்பதாக அவர்களிடம் ஒரு வேடிக்கைப் பேச்சும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1845இல் கிழங்கில் நோய் விழுந்தது. ஏழைகள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே இனத்தையே நம்பியிருந்தனர். 1852 வரை நீண்ட பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அப்போதும் அயர்லாந்து வெண்ணெய் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே, பஞ்சத்துக்கு நோயை மட்டும் குற்றஞ்சாட்ட என்னால் முடியவில்லை.