அழுத்தமும் ஓட்டமும் தெரிந்தால் போதும்: த்வாண்டே முதல் ரொறன்ரோ வரை ஒரு வீட்டு மின்கணக்கு

யாங்கோன் ஆற்றைக் கடந்து மேற்கே போனால் த்வாண்டே வரும். மண்பாண்டச் சூளைகளுக்கும், யாங்கோன் ஆற்றை ஐராவதியுடன் இணைக்கும் கால்வாய்க்கும் பெயர்பெற்ற ஊர் அது. பிரித்தானியர் காலத்தில் இந்தக் கழிமுக வயல்களுக்கு வேலைக்குப் போன தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பகுதியில் வாழ்கிறார்கள். மியான்மாரின் மின்சாரம் 230 வோல்ற்று என்பது கணக்கு. ஆனால் நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு அது முழுதாக வந்து சேர்வதில்லை. 2021 பெப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மின்வெட்டும் கூடிவிட்டது. பற்றரியும் சூரியத் தகடும் வீட்டுச் சாமான்களாகிவிட்டன. இந்த நிலையில் எந்தப் பொருளை எதில் பொருத்தலாம் என்று தெரிந்திருப்பது பாதுகாப்பின் முதற்படி.

அதற்கு இரண்டு சூத்திரங்கள் போதும்.

தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
வலு = மின்னழுத்தம் × மின்னோட்டம்

அழுத்தத்தை வோல்ற்றிலும், ஓட்டத்தை அம்பியரிலும், தடையை ஓமிலும், வலுவை வாற்றிலும் அளக்கிறோம். முதற் சூத்திரம் ஜெர்மானிய அறிஞர் கேயோர்க் ஓம் 1827 இல் வெளியிட்ட விதியிலிருந்து வந்தது. சொற்களில் ஒரு கவனம் வேண்டும். நாம் ஈழத்துப் பாடநூல்களில் 'வலு' என்று படித்ததைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'திறன்' என்கின்றன. அங்கே 'மின்தடை' என்ற சொல் பாடநூலில் ஓம் கணக்கையும், நாளிதழில் மின்வெட்டையும் குறிக்கும்.

சோற்றுக் குக்கர்

230 வோல்ற்றில் 2 அம்பியர் எடுக்கும் ஒரு சிறிய குக்கரைப் பார்ப்போம். அதன் தடை 230 ÷ 2 = 115 ஓம். வலு 230 × 2 = 460 வாற்று.

கம்பியின் கடைசி வீட்டில் அழுத்தம் 160 வோல்ற்றாக விழுந்தால் என்ன நடக்கும்? குக்கரின் தடை ஏறத்தாழ அதேதான். ஓட்டம் 160 ÷ 115 = 1.39 அம்பியர். வலு 160 × 1.39 = ஏறக்குறைய 222 வாற்று. அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை, வலுவோ பாதிக்கும் கீழே போய்விட்டது. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் சேர்ந்து குறைவதே காரணம். அரிசி வேக இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும்.

மோட்டர் உள்ள பொருள்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் குறைந்த அழுத்தத்தில் சுழல முடியாமல் கூடுதல் ஓட்டத்தை இழுத்துச் சூடாகிக் கருகலாம். அழுத்தம் மிகவும் விழுந்த நேரத்தில் அதை நிறுத்தி வைப்பதே நல்லது.

பற்றரி

அதே குக்கரை 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து இன்வேர்ட்டர் வழியாக இயக்கினால், பற்றரிப் பக்கத்து ஓட்டம் 460 ÷ 12 = 38 அம்பியருக்கு மேல். இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 40 ஐத் தாண்டும். மெல்லிய வயர் இதைத் தாங்காது. வயரில் வீணாகும் வலு, ஓட்டத்தை ஓட்டத்தாலேயே பெருக்கி, பின் தடையால் பெருக்கக் கிடைப்பது. வயரின் தடை 0.05 ஓம் மட்டும் என்றாலும் 40 × 40 × 0.05 = 80 வாற்று வயரிலேயே வெப்பமாகும். பற்றரி வயர் தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

100 அம்பியர்-மணி பற்றரியில் 12 × 100 = 1200 வாற்று-மணி இருக்கும். ஈய அமிலப் பற்றரியானால் பாதியளவு மட்டும் எடுப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. அந்த 600 வாற்று-மணியில் ஒரு 50 வாற்று மின்விசிறியும் 10 வாற்று மின்குமிழும் ஏறத்தாழ 10 மணிநேரம் ஓடும். இன்வேர்ட்டர் இருந்தால் சற்றுக் குறையும்.

இது நமக்குப் புதிதல்ல. 1990 களில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். 6 வோல்ற்று, 3 வாற்று டைனமோ என்றால் ஓட்டம் 3 ÷ 6 = 0.5 அம்பியர். அதற்குப் பொருத்தமான விளக்கின் தடை 6 ÷ 0.5 = 12 ஓம்.

கடல் கடக்கும் பெட்டிகள்

இலங்கை, இந்தியா, மியான்மார், பிரித்தானியா ஆகியவற்றில் 230 வோல்ற்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் சுவர்ச் செருகியில் 120 வோல்ற்று. நம் 460 வாற்றுக் குக்கரை ரொறன்ரோவில் பொருத்தினால் 120 ÷ 115 = 1.04 அம்பியர், அதாவது 125 வாற்றுத்தான் கிடைக்கும். சோறு வேகாது, ஆபத்தும் குறைவு.

மறுதிசைதான் ஆபத்து. 120 வோல்ற்றுக்கான 460 வாற்றுக் குக்கரின் தடை சுமார் 31 ஓம். அதை ஊருக்கு அனுப்பி 230 வோல்ற்றில் பொருத்தினால் 7 அம்பியருக்கு மேல் ஓடி, வலு 1,700 வாற்றை நெருங்கும். கருகும், தீயும் பிடிக்கலாம். பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு அடப்டர் அழுத்தத்தை மாற்றாது. தொலைபேசிச் சார்ஜரில் '100–240' என்று இருந்தால் மட்டும் கவலையில்லை.

குளிர்காலச் சூடாக்கிக்கும் இதே கணக்குத்தான். கனடாவில் 15 அம்பியர் இணைப்பின் உச்சம் 120 × 15 = 1,800 வாற்று. நெடுநேரம் எரியும் சூடாக்கிக்கு அதில் 80 வீதம், 1,440 வாற்று, என்பதே எல்லை. 1,500 வாற்றுச் சூடாக்கி ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. பிரித்தானியப் பிளக்கின் 13 அம்பியர் உருகி 230 × 13 = 2,990 வாற்றுவரை தாங்கும். ஒரே நீட்டிப்பு வயரில் கேத்திலையும் சூடாக்கியையும் சேர்த்துப் பொருத்தினால் அதையும் மீறிவிடுவோம்.

பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் வோல்ற்றும் வாற்றும் எழுதியிருக்கும். வாற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் ஓம். ஊருக்குப் பெட்டி கட்டும் முன் இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் போடச் சொல்லலாம்.