மிச்சிகன் வாகனக் காப்பீட்டில் மருத்துவமனைகளின் வழக்குரிமை

சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு அளித்த சிகிச்சைக்கான கட்டண பாக்கியைக் கேட்டு, மருத்துவமனையோ மருத்துவரோ காப்பீட்டு நிறுவனத்தின்மீது நேரடியாக வழக்குத் தொடுக்கும் உரிமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இது தீர்ப்புகளால் வளர்ந்து, 2017இல் பறிபோய், 2019இல் சட்டமாகத் திரும்பியது.

தோற்றம்

மிச்சிகனின் ‘தவறு பாராக் காப்பீட்டு’ச் சட்டம் 1973 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விபத்து யாரால் நேர்ந்தது என்று பாராமல், காயமடைந்தவரின் சிகிச்சைச் செலவைப் பெரும்பாலும் அவருடைய காப்பீட்டு நிறுவனமே ஏற்கும். அச்செலவுக்கு அன்று உச்சவரம்பு இல்லை. உரிய சான்றுகள் கிடைத்த 30 நாளுக்குள் பணம் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். ஆனாலும் சிகிச்சை தேவைதானா, கட்டணம் நியாயமா, காயம் அந்த விபத்தால்தான் வந்ததா என்ற தகராறுகள் ஓயவில்லை. மருத்துவமனை தானே வழக்காடலாம் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளே அதை அனுமதித்துவந்தன. லேக்லேண்ட் நியூரோகேர் வழக்கின் தீர்ப்பு (2002) மருத்துவமனைகள் வட்டியையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் கோர வழிவிட்டது.

கவனென்ட் தீர்ப்பு

கவனென்ட் மருத்துவ மையம் ஒரு விபத்து நோயாளிக்குச் செய்த சிகிச்சையின் கட்டணம் 43,484.80 டாலர். நோயாளியின் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்மோ அவருடன் 59,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு, அத்துடன் தன் பொறுப்பு தீர்ந்தது என்றது. மருத்துவமனை வழக்குத் தொடுத்தது. 2017 மே 25 அன்று மாநில உச்ச நீதிமன்றம், மருத்துவமனைகளுக்கு இச்சட்டத்தின்கீழ்த் தனி வழக்குரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. எனினும் நோயாளி தமக்குச் சேரவேண்டிய தொகையைக் கோரும் உரிமையை மருத்துவமனைக்கு எழுதிக்கொடுக்கத் தடையில்லை என்றது. மருத்துவமனைகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன.

2019 திருத்தமும் பின்விளைவும்

2019 ஜூன் 11 முதல் செயலுக்கு வந்த திருத்தம் நேரடி வழக்குரிமையை வெளிப்படையாகவே வழங்கியது. அதே திருத்தம் மருத்துவமனைகளின் வரவையும் குறுக்கியது. வரம்பற்ற மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிலாகக் குறைந்த வரம்பைத் தேர்ந்தெடுக்க வாகன உரிமையாளர்களுக்கு 2020 ஜூலை முதல் இடம் கிடைத்தது. 2021 ஜூலை முதல் பெரும்பாலான சிகிச்சைகளுக்கு அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கேரின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்ட உச்சவரம்பும், மெடிக்கேரில் விலை குறிக்கப்படாத சேவைகளுக்குப் பழைய கட்டணத்தில் ஏறத்தாழ பாதி மட்டுமே என்ற வரம்பும் வந்தன. வீட்டிலேயே நீண்டகாலப் பராமரிப்பு தரும் அமைப்புகளை இது கடுமையாகப் பாதித்தது. வழக்காடலாமா என்ற கேள்வி போய், எவ்வளவு கோரலாம் என்பதே தகராறாயிற்று. 2019 ஜூன் 11க்கு முன் காயமடைந்து, அன்றைய காப்பீட்டின்கீழ் உரிமை பெற்றவர்களுக்கு இவ்வரம்புகள் பொருந்தா என்று ஆண்டரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2023 ஜூலை 31 அன்று தீர்ப்பளித்தது.