இணையப் பக்கத்தில் அலங்காரத் தமிழ்த் தலைப்புகள்: எல்லா உலாவிகளிலும் சரியாகத் தெரிய

ஆலயத் திருவிழா, தீபாவளி வாழ்த்து, சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் என எதுவானாலும் தலைப்பு அழகான எழுத்தில் இருக்க வேண்டும் என விரும்புகிறோம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எழுத்தைப் படமாக்கி ஒட்டுவது. மற்றொன்று, எழுத்துருவையே பக்கத்தோடு சேர்த்து அனுப்புவது.

படம் வந்த காரணம்

1990களில் தமிழ் எழுத்துருவை வாசகரே தம் கணினியில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 இரண்டும் எழுத்துருவைப் பக்கத்தோடு இறக்கித் தந்தன. ஆனால், ஒன்றுக்குரிய கோப்பை மற்றொன்று படிக்காது. தலைப்பைப் படமாக்கினால் எல்லா உலாவிகளிலும் ஒரே மாதிரி தெரிந்தது.

படத்தின் குறைகள்

தேதியும் இடமும் படத்துக்குள் மட்டும் இருந்தால், திரைவாசிப்பு மென்பொருளை நம்பியிருக்கும் பார்வைக் குறைபாடுடையவருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேராமல் போகலாம். அந்தச் சொற்களைப் பக்கத்தில் தேடி எடுக்கவும் முடியாது. திறன்பேசியில் பெரிதாக்கினால் எழுத்து மங்கும்.

இன்றைய வழி

யூனிகோட் எழுத்துடன் ‘வோஃப்’ வகை எழுத்துருக் கோப்பைப் பயன்படுத்தலாம். இது 2012இல் இணையத் தர நிர்ணய அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையானது; இதன் இரண்டாம் பதிப்பு 2018இல் பரிந்துரையானது. இன்றைய குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் அனைத்தும் இதைப் படிக்கும். கவிவனார், மீரா இனிமை, பலூ தம்பி 2 ஆகிய எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

• அலங்கார எழுத்துரு இறங்காவிட்டால் பயன்பட, சாதாரணத் தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரையும் அடுத்துச் சேர்க்கவும்.

• வரி உயரத்தைச் சற்றுக் கூட்டவும். இல்லையெனில் ‘கி’, ‘சூ’ போன்ற எழுத்துகளின் மேல், கீழ்ப் பகுதிகள் அடுத்த வரியில் மோதும்.

• எழுத்துக்குள் வண்ணக் கலவை நிரப்ப, எழுத்தின் நிறத்தை நீக்குவது வழக்கம். அந்த வசதி இல்லாத உலாவியில் தலைப்பே மறைந்துவிடும். முதலில் சாதாரண நிறம் ஒன்றைக் கொடுத்துவிடவும்.

• சின்னம் போன்றவற்றுக்குப் படம்தான் வேண்டும் என்றால் எஸ்விஜி வடிவம் நல்லது, பெரிதாக்கினாலும் மங்காது. படத்திலுள்ள சொற்களை மாற்று உரையாகத் தமிழிலேயே எழுதவும்.

எளிய சோதனை

தலைப்பை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட். ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகச் சிதறி வந்தால் பழைய குறியாக்கம். நகலெடுக்கவே முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் படமாக இருக்கும்.