பயிருக்குள் ஒரு காவலன்

நெருப்பு அடுப்பில் இருக்கும்வரை சோறு ஆக்கும். கூரையில் ஏறினால் வீட்டையே அழிக்கும். நாம் உயிர்மூச்சென்று போற்றும் ஆக்சிஜனும் அத்தகையதே.

செடிகள் வெயிலொளியைக் கொண்டு தம் உணவை ஆக்கும்போது ஆக்சிஜனை வெளிவிடுகின்றன என்பது மாணவர் அறிந்ததே. வறட்சியாலோ, உப்பாலோ, கடுங்குளிராலோ அவ்வேலை தடுமாறும்போது, அவ்வாயுவின் ஒரு பகுதி மிகையாக ஓர் எலெக்ட்ரானைப் பெற்று, 'சூப்பராக்சைடு' என்னும் கொடிய வடிவெடுக்கிறது. அதுவும் அதன் வழித்தோன்றல்களும் உயிரணுவின் சவ்வையும் புரதங்களையும் சிதைக்க வல்லவை. பயிர் இத்தீங்கினின்று எவ்வாறு தப்புகிறது?

இவ்வினாவிற்கு விடை கண்ட வரலாறு வயலில் தொடங்கவில்லை. மாட்டின் குருதியில் தொடங்கிற்று. 1938-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் மான், கைலின் என்னும் அறிஞர் இருவர், அக்குருதியிலிருந்து செம்பு கலந்த நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர், பெயரும் இட்டனர். ஆனால் அதன் தொழில் இன்னதென்று எவரும் அறிந்திலர். 31 ஆண்டுகள் கழிந்தன. 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃப்ரிடோவிச் என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணவர் மெக்கார்டும், சூப்பராக்சைடை அழிக்கும் நொதியே அப்புரதம் என நிறுவினர். அந்நொதி பயிர்களிலும் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அடுத்து, அந்நொதியை ஆக்கும் மரபணுவைப் பிரித்து, வேறொரு செடியில் புகுத்த முயன்றனர். பெட்டூனியா என்னும் பூச்செடியின் மரபணுவைப் புகையிலையில் சேர்த்தனர். நொதி பெருகிற்று, எனினும், ஓசோன் வாயுவின் தாக்குதலைச் செடி தாங்கவில்லை என்று 1991-இல் அறிவித்தனர். ஆனால் 1993-இல் பட்டாணியின் மரபணுவைப் பெற்ற புகையிலை, குளிரையும் மிகுந்த ஒளியையும் முன்னினும் நன்கு தாங்கிற்று.

இவ்வேறுபாடு ஏன்? இந்நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதுவும் தீங்குடையதே. அதனை நீராக்க, வைட்டமின் 'சி'யின் துணையோடு உழைக்கும் வேறொரு நொதி வேண்டும். பட்டாணி மரபணு பெற்ற செடிகளில் அந்த இரண்டாம் நொதியும் மிகுந்திருந்தது. மடையைத் திறந்தால் மட்டும் போதுமா? வாய்க்காலையும் வெட்ட வேண்டும் அன்றோ!

இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் இடமுண்டு. கடற்கரைச் சதுப்புகளில் உப்புநீரிலேயே வேரூன்றித் தழைக்கும் வெண்கண்டல் மரத்தின் மரபணுவை, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பூசா பாஸ்மதி நெல்லில் சேர்த்தனர். அந்நெல் உப்பை முன்னினும் நன்கு தாங்கியதை 2008-இல் வெளியிட்டனர். கடல்நீர் புகுந்து களராகும் நிலத்தை உழுவோர்க்கு இது நம்பிக்கை தரும் செய்தி. ஆயினும், சோதனைக்கூடத்தில் தேறிய பயிர் வயலிலும் தேற வேண்டும்; அது கடினமான தனித் தேர்வு.

மாணவர்களே, ஒரு பொருளின் பெயரை அறிந்ததோடு நின்றுவிடாதீர்கள். அதன் தொழில் யாதென்று கேளுங்கள். 31 ஆண்டுகள் விடையின்றிக் கிடந்த அக்கேள்விக்கு விடை கண்ட இருவருள் ஒருவர், உங்களைப் போல் மாணவராய் இருந்தவரே.