குளத்து விராலும் நாமும்

தண்ணிமுறிப்பு, முத்தையன்கட்டுக் குளங்களில் இன்று வலை நிறைய வரும் திலாப்பியா நம்மூர் மீனல்ல. ஆப்பிரிக்க இனம்; 1952இல்தான் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் நம் மூத்தவர்களுக்குக் குளத்துமீன் என்றால் விரால்தான். மாரி மழையோடு முட்டையிட்டால், சிவந்த குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தகப்பனும் சுற்றிச் சுற்றிக் காக்கும். அதற்குள் தூண்டில் விழுந்தால் பசியில்லாமலே சீறிக் கடிக்கும். பிடிப்பது சுலபம்தான், காவல் போன குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கான உதவியை நிறுத்தியது. அதே வருட ஒக்டோபரில் நாமும் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோம். உதவி 1994இல் திரும்பியது. நாம் திரும்ப யுத்தம் முடியவேண்டியிருந்தது.

தம்பிமாரே, சிவந்த குஞ்சு மிதந்தால் அந்தப் பக்கம் தூண்டில் போடாதீர்கள். பெரிய விரால் வேண்டுமென்றால் குஞ்சு பிரிந்தபின் பிடிக்கலாம்.