மழுக்கப்பட்ட விளிம்பு: பார்க் ஸ்கியின் வரலாறு

பனிச்சரிவில் சறுக்கி இறங்குவதற்காகக் காலணியின் அடியில் பூட்டிக்கொள்ளும் நீண்ட பலகையான ஸ்கி, வெறும் மரத்தால் ஆனதாக இருந்த காலத்தில், உறைந்து கெட்டிப்பட்ட பனியில் அதன் ஓரங்கள் விரைவில் தேய்ந்து பிடிமானத்தை இழந்தன. இக்குறையைப் போக்க ஆஸ்திரியாவைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1920களில் பலகையின் இரு ஓரங்களிலும் எஃகுப் பட்டைகளைத் திருகாணி கொண்டு பொருத்தினார்; அவ்விளிம்பைக் கூர்தீட்டி வைத்திருப்பதே அதன்பின் சறுக்குவோரின் முதல் வேலையாயிற்று. அதே விளிம்பைக் காலடிப் பகுதியில் அரம் கொண்டு வேண்டுமென்றே மழுக்கும் வழக்கம் ஸ்கியில் பரவியது, பார்க் ஸ்கி எனப்படும் புதுவகைப் பலகையோடுதான்.

பார்க் என்பது பனியால் எழுப்பிய தாவுமேடைகளும், ரெயில் எனப்படும் இரும்புக் குழாய்த் தடங்களும் அமைந்த விளையாட்டுத் திடலாகும். இது முதலில் ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் ஊன்றிச் செல்லும் ஸ்னோபோர்டு விளையாட்டினருக்கு உரியதாகவே இருந்தது. மேடுபள்ளச் சரிவில் இறங்கும் மோகல் போட்டிகளில் தலைகீழாகச் சுழல்வதற்கு இருந்த தடையால் சலிப்புற்ற மைக் டக்ளஸ், ஜே. பி. ஓக்ளேர், ஜே. எஃப். கூசோன் முதலிய கனடிய வீரர்கள், விஸ்லர் பகுதியில் உள்ள பிளாக்கோம் மலையின் பனியாற்றில் பார்க் விளையாட்டை ஸ்கியில் முயன்றனர். பின்புறமாகத் தரையிறங்கும்போது தட்டையான வால் பனியில் குத்திக்கொண்டதால், முனையைப் போலவே வாலும் மேல்நோக்கி வளைந்த பலகை அவர்களுக்குத் தேவைப்பட்டது. வளைந்த வால் 1970களிலேயே ஓலின் நிறுவனத்தால் முயலப்பட்டதுதான். ஆனால் அதற்கேற்ற விளையாட்டு அப்போது உருவாகியிருக்கவில்லை. பல நிறுவனங்கள் மறுத்த யோசனையைப் பிரான்சின் சாலமோன் நிறுவனம் ஏற்று, மூன்று முழுச் சுழற்சிகளின் பாகை அளவான 1080ஐயே பெயராகச் சூட்டி, 1998இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பறப்பதற்கான சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. ஆனால் ரெயில் வேறொரு சிக்கலைக் கொணர்ந்தது. பனியைக் கவ்வுவதற்காக வகுக்கப்பட்ட எஃகு விளிம்பு, இரும்புக் குழாயின் மீது குறுக்காக வந்து விழும்போது, உடலின் எடையும் வீழ்ச்சியின் வேகமும் காலடியில் உள்ள மிகச் சிறிய இடத்தில் குவிகின்றன. கடினப்படுத்தப்பட்ட எஃகு வளைந்துகொடுக்காமல் மயிரிழைபோல் விரிசல் காண்கிறது, அல்லது உள்மரத்தை நசுக்கிக்கொண்டு உட்புறமாகத் தள்ளப்படுகிறது. அவ்விரிசல் வழியே இறங்கும் நீர் உறைந்து விரிந்து, மரத்தையும் கண்ணாடியிழைப் படலத்தையும் இணைக்கும் பசையை விடுவிக்க, அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. பெயர்ந்த அடுக்குகளை எபாக்ஸிப் பசையிட்டுக் கவ்வியால் இறுக்கிச் சேர்க்கலாம்; விரிசல் கண்ட எஃகைப் பசை இணைக்காது. காலடி விளிம்பை மழுக்குவதன் காரணமும் ரெயிலே: கூரிய விளிம்பு குழாயின் சொரசொரப்பில் மாட்டி ஆளைக் கவிழ்த்துவிடும்.

உறுதிக்கும் இலகுவுக்கும் இடையிலான இழுபறியிலேயே பிற்காலத் தயாரிப்பாளர்கள் உழன்றனர். பவுலோனியா போன்ற இலேசான மரத்தை உள்ளே வைத்தால் பலகை காற்றில் எளிதாகச் சுழலும்; மேப்பிள், ஆஷ் போன்ற அடர்த்தி மிக்க மரங்களோ எடையைக் கூட்டினாலும் அடியைத் தாங்கும். அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஓஎன்3பி நிறுவனம் மூங்கிலைத் தேர்ந்தது. வழக்கமாக ஏறத்தாழ 2 மில்லிமீட்டராக இருக்கும் விளிம்பைச் சிலர் 2.5 மில்லிமீட்டராகத் தடிப்பாக்கினர். மேற்பரப்பு ஓரம்வரை மடிந்து இறங்கும் மூடி அமைப்பைவிட, விளிம்பின்மேல் தடித்த நெகிழிப் பக்கச்சுவர் நிற்கும் அமைப்பே ரெயிலின் அடியை நன்கு பகிர்ந்துகொள்கிறது. விளிம்பில் கூடிய அரைமில்லிமீட்டர் எஃகு சிறிதாகத் தோன்றினும், பலகையின் ஆயுளில் அதன் பங்கு பெரிது.

ஓக்ளேரும் கூசோனும் டேனர் ஹால் முதலிய ஸ்கி வீரர்களுடன் சேர்ந்து 2002இல் ஆர்மடா என்னும் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பலகையை ஓட்டுபவரே அதை வடிவமைக்கும் நிலை உருவாயிற்று. தாவுமேடைகளும் ரெயில்களும் கலந்த ஸ்லோப்ஸ்டைல் போட்டி 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஆயினும் பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதப் பத்திரங்கள் ரெயிலால் ஏற்பட்ட சேதத்தை இன்றும் விலக்கியே வைக்கின்றன. ரெயிலுக்கென்றே விற்கப்படும் பலகைக்கு அது நியாயமான விதி ஆகாது.